நீலச் சட்டையின் மடிப்புகள்

எங்கள் தையல் மெசினுக்குக் கால் கிடையாது. சண்டை வந்து நாயாற்றுப் பக்கத்துக் கரையை விட்டு எழும்பிய அன்று ஐயா மெசினின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினார். இரும்புக் கால் வீட்டுக்குள் நின்றது. வலைகளும் அங்கேயே கிடந்தன. ஒரு கிழமையில் வந்து எடுக்கலாம் என்று ஐயா சொன்னார். பிறகு அந்த வீட்டை நாங்கள் காணவில்லை.

முரசுமோட்டையில் வயலோரம் ஒரு கொட்டில் போட்டு இருந்த காலத்தில், ஐயா அந்தத் தலையை ஒரு மரப்பெட்டியின் மேல் இறுக்கி, சில்லில் ஒரு கைபிடியும் பூட்டிக் கொடுத்தார். ஒரு கையால் சில்லைச் சுற்றி மறு கையால் துணியைத் தள்ளலாம்தான். அப்படித் தைத்தால் தையல் கோணலாக ஓடுகிறது என்று அம்மாவுக்குக் கோபம் வரும். அவருக்குத் துணியில் இரண்டு கையும் வேண்டும். சில்லைச் சுற்ற இன்னொருவர் வேண்டும். அது நான்.

நான் ஓரிடத்தில் நிற்கிறவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கால் போன பக்கம் திரிந்தவன். பூநகரிக் கடலேரியில் இறால் பிடித்தேன். காட்டில் விறகு வெட்டினேன். தேங்காய் மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனேன். மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் போகமாட்டேன். ஆனால் மார்கழி பிறந்ததும் போய்விடுவேன். நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு உடுப்புத் தைக்கும் காலம் அது. நான் போகாவிட்டால் அம்மா ஐயாவைப் பிடித்துச் சில்லின் முன்னால் இருத்துவார். ஐயா வள்ளத்தில் தண்டு வலித்த கையின் வேகத்தில் சுற்றுவார். ஊசி முறியும். அந்த நாட்களில் ஊசி முறிந்தால் இன்னொரு ஊசியைத் தேடி எங்கே போவது?

எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் இரண்டு பேர் பிறந்தார்கள். இரண்டு பேருமே ஒரு வயதைத் தாண்டவில்லை. அதனால் தங்கச்சியைப் பற்றி அம்மாவுக்கு எப்போதும் ஒரே கவலைதான்: பிள்ளை வளர்கிறதா? சாப்பாட்டை வைத்து அவர் அதைக் கணிக்கவில்லை. சாப்பாடு அவர் கையில் இல்லை. சட்டையை வைத்துக் கணித்தார்.

கரையில் எங்கள் ஆட்கள் நத்தார்ச் சட்டை தைப்பதில் ஒரு முறை உண்டு. துணி மலிந்த காலத்திலும் அப்படித்தான் தைத்தார்கள். பெண்பிள்ளைக்குச் சட்டை வெட்டும்போது அளவுக்கு மேல் ஒரு முழத்துக்கும் கூடுதலாக நீளம் விட்டு வெட்டுவது. அந்த நீளத்தைப் பாவாடைப் பகுதியில் ஒன்றின் கீழ் ஒன்றாக மடித்துத் தைத்துவிடுவது. பார்க்கிறவர்களுக்கு அது ஓர் அலங்காரம். உள்ளே இருப்பது வரப்போகிற வருசங்களின் துணி. அடுத்த நத்தாருக்கு ஒரு மடிப்பை அவிழ்த்துவிட்டால் சட்டை பழையபடி முழங்காலுக்குக் கீழே இறங்கும். மடிப்பை மெசினில் தைக்கமாட்டார்கள். கையால் நீண்ட தையலாகப் போடுவார்கள், அவிழ்க்கும்போது நூல் அறாமல் முழுசாக வருவதற்காக. அந்த நூலை ஓர் ஈர்க்கில் சுற்றி வைத்துக்கொண்டால் இன்னொன்றைத் தைக்கலாம்.

தங்கச்சியின் சட்டைக்கான துணி கடும் நீலம். அதில் அரிசி அளவில் வெள்ளைப் புள்ளி. முல்லைத்தீவில் சைக்கிளில் துணி கொண்டு வருகிற முஸ்லிம் நானாவிடம் அம்மா வாங்கி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அந்த முஸ்லிம் ஆட்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன பிறகு அந்த ரோட்டில் துணிச் சைக்கிள் வரவில்லை. அம்மா அந்தத் துணியை எடுக்கும்போதெல்லாம் "பாவம், அந்த மனிசன் எங்க கிடக்குதோ" என்பார். அதைச் சொல்லாமல் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

சட்டை வெட்டியது முரசுமோட்டையில், தங்கச்சிக்கு ஆறு வயதான நத்தாருக்கு. மூன்று மடிப்பு வைத்தார். தைத்து முடித்ததும் அவளைக் கதிரையில் ஏற்றி நிறுத்தினோம். மடிப்புகளின் பாரத்தில் சட்டை குடைபோல விரிந்து நின்றது.

ஐயா வாசலில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "இதென்னப்பா, பிள்ளைக்குச் சட்டையோ, வள்ளத்துக்குப் பாயோ?"

"உங்களிட்ட வள்ளம் இருந்தாப் பாயும் தச்சுத் தருவன். இல்லாதவர் வாயைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"வாயைப் பொத்திக்கொண்டு எப்பிடியப்பா குடிக்கிறது?"

தங்கச்சி கதிரையில் நின்று சிரித்ததில் விழப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நத்தாருக்கு நான் விறகுக் காட்டிலிருந்து போனேன். யாழ்ப்பாணத்துச் சனம் கடலேரியைக் கடந்து வந்து வன்னி முழுக்க நிரம்பியிருந்த காலம் அது. எங்கள் கொட்டிலுக்கு முன்னால் ஆட்கள் பழைய உடுப்போடு வந்து நின்றார்கள். புதுத் துணி ஒருவரிடமும் இல்லை. அம்மா சேட்டுக் கொலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகத் திருப்பித் தைத்துக் கொடுத்தார். சீலையை வெட்டிச் சின்னச் சட்டைகள் தைத்தார். நான் காலையிலிருந்து சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தங்கச்சி என் முதுகில் சாய்ந்துகொண்டு, "மெல்லச் சுத்தண்ணா, மெசினுக்குத் தலைச்சுத்து வரப்போகுது" என்று பகிடி பண்ணுவாள்.

ஊரார் வேலை முடிந்த பிறகுதான் எங்கள் வேலை. தங்கச்சியை அளந்து பார்த்தபோது சட்டை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அம்மா முதல் மடிப்பை அவிழ்த்தார். நூல் அறாமல் வந்தது. வருசம் முழுக்கத் தோய்த்துச் சட்டை வெளிறியிருந்தபடியால், மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் பழைய கடும் நீலம் ஒரு கோடாக ஓடியது. மெல்லிய கோடு இல்லை, இரண்டு விரல் அகலம்.

"பாத்தியோ, எவ்வளவு வளந்திட்டாள்!" அம்மா அந்தக் கோட்டை விரலால் தடவினார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை அதற்குமுன் நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பெரியவர்களுக்கு அந்தக் கோடு வெட்கம். பழைய சட்டை என்று காட்டிக்கொடுக்கும். பிள்ளைகளுக்கு அது பெருமை. பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்பிள்ளைகள் ஒருத்தியின் சட்டையை ஒருத்தி பிடித்துப் பார்ப்பார்கள்.

"உனக்கு எத்தினை கோடு?"

"ஒண்டு," என்றாள் தங்கச்சி.

"எனக்கு ரெண்டு. அப்ப நான் உனக்கு அக்கா. இனிப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

"அடுத்த நத்தாருக்கு எனக்கும் ரெண்டு வரும். அப்ப பாப்பம்."

தங்கச்சி அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மற்ற மடிப்புகளையும் அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டாள். "அடுத்த நத்தாருக்கு, வளந்தாப் பிறகு" என்றார் அம்மா.

அதற்கடுத்த நத்தாருக்கு முன்னால் கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் முழுவதும் சண்டையில் எழும்பியது. முரசுமோட்டையை விட்டு விசுவமடுவுக்கு அப்பால் காட்டோரத்தில் போய் இருந்தார்கள். மெசின் தலை மறுபடியும் கரியரில் ஏறியது. இந்த முறை பெட்டியையும் கைபிடியையும் ஐயா விட்டுவிட்டு வரவில்லை. நான் அப்போது அவர்களோடு இல்லை. மார்கழியில் தேடிப் போனபோது, மரங்களுக்கு இடையில் வரிசையாகக் கட்டியிருந்த தறப்பாள் கூடாரங்களுக்குள் எங்களுடையது எதுவென்று கண்டுபிடித்தது மெசின் சத்தத்தை வைத்துத்தான். ஐயா சுற்றிக்கொண்டிருந்தார். தடதடவென்று.

மழை விடவில்லை. நுளம்பு பகலிலும் கடித்தது. அந்தக் காட்டில் காய்ச்சல் வராத ஆள் இல்லை. குளிர், நடுக்கம், பிறகு வேர்வை, பிறகு இரண்டு நாள் சும்மா இருக்கும், பிறகு மறுபடி குளிர். எல்லோருக்கும் வந்தபடியால் அதை ஒருவரும் வருத்தமாக எண்ணவில்லை. காய்ச்சல் குளிசை கிடைத்தால் நடுங்குகிறவருக்கு முதலில் கொடுத்து, நடுக்கம் நின்றதும் மீதியை அடுத்தவருக்கு எடுத்து வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தங்கச்சிக்கு மழை தொடங்கியதிலிருந்து விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

நான் போன மறுநாள் அம்மா அவளை டிரங்குப் பெட்டியில் ஏற்றி நிறுத்தினார். நீலச் சட்டை இப்போது நீலமாக இல்லை. வெளிறி, சாம்பல் கலந்து, புள்ளிகள் மங்கிப்போய்க் கிடந்தது. அம்மா கீழே குந்தி இருந்து விளிம்பைப் பார்த்தார்.

"நிமிந்து நில்லு பிள்ளை."

"நிக்கிறன்தானே."

"முழங்காலை மடிக்காதை. தம்பி, இவள் மடிச்சுக்கொண்டு நிக்கிறாளோ பார்."

நான் பார்த்தேன். நேராகத்தான் நின்றாள். சட்டை போன வருசம் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. அம்மா அளவு நாடாவை எடுத்துத் தோளிலிருந்து அளந்தார். பிறகு நாடாவைத் திருப்பிப் பிடித்து மறுபடி அளந்தார்.

"துணி இழுபட்டிருக்கும்," என்றார் ஐயா. "தோய்க்கத் தோய்க்க நீளுறதுதானே."

"பருத்தி சுருங்கும். நீளாது." என்றார் அம்மா. பின்னால் போய்ச் சட்டையின் கொழுக்கிகளைப் பூட்டப் பார்த்தார். மேலே இரண்டும் பூட்டின. இடுப்பில் இருந்தது எட்டவில்லை. துணியை இழுத்தார். தங்கச்சி "ஆ, நோகுது" என்றாள்.

அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. முன்பக்கம் வந்து, அவளுடைய வயிற்றை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை கொழுத்திட்டாளப்பா! நெடுக்காமல் அகலத்துக்குப் போயிருக்கிறாள். அதுதான் நீளம் நிண்டிட்டுது. முதல் சதை வைச்சுப் பிறகுதான் நெடுக்கிறது. நான் சின்னனில அப்பிடித்தான்."

ஐயா எழும்பிப் போய் அடுப்புக்கு விறகு வைத்தார்.

அம்மா இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்து, இடுப்பை அகலமாக்கினார். நான் சில்லைச் சுற்றினேன். தைத்துக்கொண்டே அந்தச் செய்தியைப் பக்கத்துத் தறப்பாள்களுக்கும் சொல்லி அனுப்பினார். பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். அவரும் கரையிலிருந்து எழும்பி வந்தவர்.

"நாங்கள் எல்லாரும் நிவாரண மாவைத் திண்டு நெத்தலிக் கருவாடாப் போனம். உங்கட வீட்டில மட்டும் என்னெண்டு பாரைக்குட்டி வளக்கிறியள்?"

"கண்ணூறு வைக்காதை மச்சாள். போய் உன்ர அடுப்பைப் பார்."

அம்மா சிரித்தார். மாமியும் சிரித்தார். தங்கச்சியின் கையும் காலும் ஈர்க்குப் போல இருந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்தக் காட்டில் எல்லாப் பிள்ளைகளின் கைகாலும் அப்படித்தான் இருந்தன. எங்கள் பிள்ளைக்கு வயிறாவது இருந்தது.

தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோட்டை அவிழ்க்கேல்லையோ?"

"அவிழ்த்தாச் சேத்தில இழுபடும் பிள்ளை. நீ இன்னும் நெடுக்கேல்லை."

"எல்லாருக்கும் ரெண்டு கோடு வரும். எனக்கு மட்டும் ஒண்டு."

"அடுத்த நத்தாருக்கு."

"அடுத்த நத்தாருக்கு எண்டு போன நத்தாருக்கும் சொன்னனீங்கள்."

அவள் அழவில்லை. பெட்டியிலிருந்து இறங்கிப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள். பகலில் படுக்கிற பழக்கம் அவளுக்கு அந்த மாதத்தில்தான் வந்திருந்தது.

நத்தார்ப் பூசை அந்த வருசம் பின்னேரம் நடந்தது. வெளிச்சத்தோடு எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று பங்குச் சுவாமி சொல்லியிருந்தார். தறப்பாளால் கூரை போட்ட கோயில். சோளத் தட்டையில் மாட்டுத் தொழுவம் கட்டி, வைக்கோலில் பாலனைக் கிடத்தியிருந்தார்கள். மழைத்தண்ணீர் ஒரு பக்கமாய் ஒழுகி வாய்க்காலாக ஓடியது. பூசை முடிந்ததும் பெண்பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். தங்கச்சி ஓடவில்லை. ஒரு மரக்குற்றியில் அமர்ந்து, மடிப்புகளின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மிஸ்ஸி எங்கள் வரிசைக்கு அங்கால் இருந்தார். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவர். அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வடிவான சட்டை. ஆர் பிள்ளை தச்சது?"

"அம்மா."

அவர் சட்டையைப் பார்க்கிற மாதிரி இடுப்பில் கையை வைத்தார். கை இடப் பக்கம் போய், விலாவுக்குக் கீழே நின்றது. மெல்ல அழுத்தினார். தங்கச்சி முகத்தைச் சுளித்தாள். மிஸ்ஸி அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவைத் தேடினார்.

"எவ்வளவு நாளாக் காய்ச்சல் வருது?"

"அது எல்லாருக்கும் வாறதுதானே மிஸ்ஸி. இப்ப பரவாயில்லை. பிள்ளை கொஞ்சம் சதையும் வைச்சிருக்கிறாள்."

"இது சதை இல்லையம்மா. மண்ணீரல் வீங்கிக் கிடக்கு. இஞ்ச கை வைச்சுப் பாருங்கோ, கல்லு மாதிரி. மலேரியா மாறாமல் உள்ளுக்க நிண்டால் இப்பிடித்தான் வரும். கண்ணில ரத்தமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. நாளைக்கு எண்டு நிக்காதேங்கோ."

அம்மா கை வைத்துப் பார்த்தார். எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் இடுப்பைப் பிரிச்சு விட்டனான் மிஸ்ஸி," என்றார்.

"சரி, அது பரவாயில்லை."

"ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டனான்."

மிஸ்ஸிக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

நான் அவளைச் சைக்கிளில் கொண்டுபோனேன். அம்மா பின் கரியரில் இருந்து அவளை மடியில் வைத்திருந்தார். ஐயா நடந்து வந்தார். ரோட்டில் பாதி இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. சில்லுக்குள் களிமண் அடைத்துக்கொள்ளும், நின்று தடியால் நோண்டி எடுப்பேன். தங்கச்சி வழியில் ஒரு தடவைதான் கதைத்தாள்.

"சட்டையில சேறு தெறிக்குது அண்ணா. கோட்டில படாமல் ஓடு."

ஆஸ்பத்திரியில் கட்டில் நிரம்பி, நிலத்தில் பாயிலும் ஆட்கள் கிடந்தார்கள். இருந்த மருந்தைக் கொடுத்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஐயாவின் ரத்தம் பொருந்தியது. அவர் சட்டென்று கையை நீட்டினார். ரத்தம் ஏறிய பிறகு அவளுக்குக் கொஞ்சம் நிறம் வந்தது. எழும்பி இருந்து கஞ்சி குடித்தாள். பக்கத்துப் பாயில் கிடந்த பிள்ளையிடம் தன்னுடைய சட்டையில் இன்னும் இரண்டு கோடு உள்ளே மறைந்து கிடக்கிறது என்று சொன்னாள். அந்தப் பிள்ளை நம்பவில்லை. விளிம்பைப் புரட்டிக் காட்டினாள்.

புது வருசம் பிறந்து சில நாளில் மறுபடி காய்ச்சல் ஏறியது. இந்த முறை அவள் ஒருவரையும் அடையாளம் காணவில்லை. ஒரு விடியற்காலையில் முடிந்தது.

நெல் ஏற்றப் போன ஓர் உழவு ரக்ரர்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு வந்து காட்டோரத்தில் இறக்கினார். மாமியும் மற்றப் பெண்களும் தறப்பாளுக்குள் இடம் ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை ஒன்று எங்கேயோ இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். அம்மா வேண்டாம் என்றார். நீலச் சட்டையை எடுத்துத் தோய்க்கக் கொடுத்தார். அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்து மாமி கொண்டுவந்தார்.

அம்மா மெசின் பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்து, சட்டையை மடியில் போட்டு, இரண்டாவது மடிப்பின் முடிச்சைப் பல்லால் கடித்தார்.

"இப்ப ஏனப்பா அதை அவிழ்க்கிறாய்?" என்று ஐயா கேட்டார்.

"கோடு கேட்டவள்."

அம்மா நூலை அவசரப்படாமல் இழுத்தார். அறாமல் முழுசாக வந்தது. அதை முதல் மடிப்பின் நூல் இருந்த ஈர்க்கில் சுற்றினார். பிறகு மூன்றாவது மடிப்பு. அந்த நூலையும் அதே ஈர்க்கில் சுற்றினார். அழுதுகொண்டு நின்ற பெண்கள் அதைப் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டார்கள். சட்டையை உடுத்தியபோது அது அவளுடைய பாதம் வரைக்கும் வந்தது. வெளிறிய துணியில் மூன்று கோடுகள். முதலாவது மங்கியிருந்தது. மற்ற இரண்டும் நானா சைக்கிளில் கொண்டுவந்த நாளில் இருந்த நிறத்தில் இருந்தன.

ஈரமான மண். வெட்டுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

நான் அந்தக் கிழமையே புறப்பட்டேன். மாங்குளம் பக்கம் கொஞ்சநாள், பிறகு மரம் அரிகிற இடத்தில் கொஞ்சநாள், பிறகு வவுனியாவுக்குப் போகப் பார்த்து முடியாமல் திரும்பினேன். அடுத்த மார்கழியில், அம்மா இனித் தைக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் காட்டோரத்துக்குப் போனேன். மெசின் தடதடத்துக்கொண்டிருந்தது. ஐயா என்னைக் கண்டதும் கைபிடியை விட்டுவிட்டு எழும்பினார்.

"வா, வந்து இரு. இந்த மனிசியிட்ட ஏச்சு வாங்கி ஏலாது."

அன்று பின்னேரம் மாமி தன்னுடைய பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பழைய சீலையும் கொண்டுவந்திருந்தார். ஐந்து வயதுப் பிள்ளை. அம்மா அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அளவு நாடாவை எடுக்கவில்லை. முதலில் பிள்ளையின் இடப் பக்கம், விலாவுக்குக் கீழே, நான்கு விரலை வைத்து அழுத்தினார். அங்கும் இங்குமாய் நகர்த்தி மறுபடி அழுத்தினார். பிள்ளைக்குக் கூச்சம் வந்து நெளிந்து சிரித்தது.

"ஒண்டும் இல்லை," என்று அம்மா மாமியிடம் சொன்னார். மாமி அது எதற்கென்று கேட்கவில்லை. இதற்கு முந்திய கிழமை அம்மா ஒரு பிள்ளையை அளக்காமலேயே ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினார் என்று ஐயா எனக்குப் பிறகு சொன்னார்.

அம்மா நாடாவை எடுத்து அளந்தார். சீலையை வெட்டினார். உடம்புத் தையல் முழுவதையும் மெசினில் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் சுற்றினேன். மடிப்பு வைக்கிற நேரம் வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நீல நூல் சுற்றிய ஈர்க்கை எடுத்தார். சீலை மஞ்சள். அந்த நூல் அதற்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெரியும். வேறு நூல் இல்லை. ஊசியில் கோத்து, நீண்ட தையலாக, மூன்று மடிப்பு வைத்தார்.